காலைச் செய்தியில் அரமத்தாவின் பெயர்

மசூதிக்குப் புறப்பட்ட அன்சுமானா மஞ்சாங் வழி மாறிப் போய், முன்பின் தெரியாத ஒரு தையல்காரர் வீட்டுக் கட்டிலில் செருப்போடு படுத்துத் தூங்கிவிட்டதைப் போன வாரம் பார்த்தோம். தையல்காரர் நல்ல மனிதர். எழுப்பி, தண்ணீர் கொடுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டார். அலுப்பாக இருந்திருக்கும் என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

அலுப்பு இல்லை என்பது பிரிகாமா ஊரில் இரண்டே பெண்களுக்குத் தெரியும். மூத்த மனைவி அரமத்தாவுக்கு முழுவதும் தெரியும். இளைய மனைவி மஹாவாவுக்குப் பாதி.

அன்சுமானாவின் ஈரல் கெட்டுவிட்டது. சிறுபிள்ளையாக இருந்தபோதே உடம்பில் புகுந்த கிருமி, இத்தனை வருடமும் சத்தம் காட்டாமல் உள்ளேயே இருந்து ஈரலைத் தழும்பாக்கியிருந்தது. மழைக்காலத்தில் வயிறு பானைபோல் ஊதியபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தண்ணீரை இறக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், இதை வெளியில் விடக்கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. கம்பெங் வானொலியில் காலை அறிவிப்பு அவருடையது. காணாமல்போன மாடு, கடலை விலை, தடுப்பூசி போடும் நாள், எல்லாவற்றுக்கும் மேலாக மரணச் செய்தி. பிரிகாமாவில் ஒருவர் இறந்தால் அன்சுமானாவின் குரலில் கேட்கும்வரை பாதி ஊர் நம்பாது. அவர் நிறுத்தி நிதானமாக வாசிக்கும்போது, பிச்சையெடுத்துப் பிழைத்தவன்கூட ஒரு பெரிய மனிதனாக மண்ணுக்குள் போவான்.

வியாழக்கிழமை காலை.

அந்த வாரம் அவர் மஹாவாவின் அறையில் இருந்தார். சாப்பாடும் மருந்தும் அவள் பொறுப்பு. சந்தைக்குக் கிளம்பிய அரமத்தா முற்றத்தில் நின்று, மருந்து குடித்தாரா என்று கேட்டாள். கடலைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த மஹாவா நிமிரவில்லை.

"குடிச்சார்க்கா."

மருந்து என்றால் ஒரே மருந்துதான். சர்க்கரைப் பாகுபோல் கெட்டியாக, திகட்டத் திகட்ட இனிக்கும். எல்லை தாண்டி டாக்கர் நகரத்துக்குப் போய்வரும் வியாபாரி ஒருவனிடம் சொல்லிவைத்து அரமத்தா வரவழைத்தது. அதைக் குடித்தால் வயிறு இளகும். தினமும் இரண்டு மூன்று முறையாவது இளகினால்தான் தலை தெளிவாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றுக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று அரமத்தாவுக்கு அப்போது புரியவில்லை. ஆனாலும் சொன்னபடி கொடுத்துவந்தாள்.

அன்சுமானா உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். நீல அங்கியை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். அரமத்தா கூடையை இறக்கிவைத்துவிட்டு, அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டாள். அவள் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினார், இறக்கச் சொன்னபோது இறக்கினார். மூச்சில் அந்த வாடை இருந்தது. அழுகப்போகும் மாம்பழமும் ஈரமண்ணும் கலந்ததுபோல ஒரு தித்திப்பு வாடை.

"இன்னிக்கு சந்தை உண்டா?" என்று கேட்டார்.

"தினமும்தான் உண்டு."

அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

போக வேண்டாம் என்று சொல்லலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் பழைய மனிதராகிவிடுவார். அதை இத்தனை நாளும் காதால் கேட்டிருக்கிறாள். வாசலில் வானொலிக்காரர்களின் வண்டி ஒலி எழுப்பியது. அவர் ஏறிப் போய்விட்டார்.

அரமத்தாவின் கடை பெரிய சந்தையில் மீன் வரிசையில். கடற்கரையிலிருந்து வரும் புகைபோட்ட மீனை வாங்கி விற்பாள். பக்கத்துக் கடை சிகா ஃபாயுடையது. சிகா செரேர் இனம், அரமத்தா ஜோலா. இந்த இரண்டு இனத்துக்கும் நடுவே ஒரு கேலி உறவு உண்டு. எவ்வளவு ஏசினாலும் கோபம் வரக்கூடாது.

"ஏ ஜோலாக்காரி, உன் எஜமானி உனக்கு முன்னாலயே வந்து உக்காந்திருக்கேன். அடிமைக்கு இவ்வளவு நேரமா தூக்கம்?"

"எஜமானி வீட்டுப் பானைய நக்கி முடிச்சிட்டு வர நேரமாயிடுச்சு. செரேர் வீட்டுப் பானையில அடியில தேட வேண்டியிருக்கில்ல."

இப்படித்தான் அவர்களுக்குத் தினமும் பொழுது விடியும். சிகா சிரித்துக்கொண்டே வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். அறிவிப்பு நேரம். வரிசை முழுக்க அதே குரல் கடைக்குக் கடை ஒலித்தது.

ஒரு பசுங்கன்று காணவில்லை. கிணறு தூர்வார ஆட்கள் வேண்டும். பிறகு அவர் தொண்டையைச் செருமினார். மரணச் செய்திக்கு முன்னால் அவர் அப்படிச் செருமுவது எல்லோருக்கும் தெரியும். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"ஆழ்ந்த துயரத்தோடு அறிவிக்கிறோம். போனி பகுதி பாஜி குடும்பத்தின் மகளும், பிரிகாமா மஞ்சாங் வளவின் மருமகளுமான அரமத்தா பாஜி இன்று காலை காலமானார்."

மீனைச் சுற்றிக்கொண்டிருந்த காகிதம் அரமத்தாவின் கையிலேயே நின்றது.

"கையில் ஒன்றுமில்லாத ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவர். மீன் புகையில் கண்ணெரிய உழைத்து, அவனைப் படிக்கவைத்து, மனிதர் நடுவே உட்காரவைத்தவர். இதை அவன் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. அவர் ஒரு கணவரையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுச் சென்றிருக்கிறார். அடக்கம் மாலைத் தொழுகைக்குப் பிறகு."

குரலில் தடுமாற்றம் இல்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். அடுத்து அதே குரலில் கடலை விலைக்குப் போனார்.

எதிர்க்கடைப் பெண் வாய்க்குள் ஓத ஆரம்பித்தாள். போனியில் எத்தனையோ பாஜிகள் இருக்கிறார்கள், வேறு அரமத்தாவாக இருக்கும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். மீன் புகை என்று சொன்னாரே என்றது இன்னொரு குரல்.

சிகா எழுந்து வந்து அரமத்தாவின் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு காதோரம் குனிந்து சொன்னாள்.

"சரி செத்தவளே, கடைய நான் பாத்துக்கறேன். நீ ஓடு."

வானொலி நிலையம் ஒரு கட்டடத்தின் மாடியில் இரண்டே அறைகள். அவள் மேலே வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் தர்போ நடைவழியில் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

அன்சுமானா உள்ளே தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டீங்களா. அரமத்தா போயிட்டா. அவ அண்ணனுக்கு யாராவது சொல்லணும்."

அவள் அவர் எதிரே குனிந்து நின்றாள். அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது. அவளை அடையாளம் தெரிந்ததாகக் காட்டவில்லை.

"நான் சொல்லிடறேன்," என்றாள்.

"புண்ணியமாப் போகும்," என்றார் அவர்.

தர்போ அவளை வெளியே அழைத்துப்போனார். ஒரு மாதமாகவே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தேநீர்க் குவளையைப் பிடித்தால் சிந்துகிறது. தெரிந்தவர் பெயர் மறந்துபோகிறது. நடுப்பகலில் மேசைமேல் தூங்குகிறார். நிலையத்துப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், தான்தான் அதட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் குடிக்கறாரா?"

வாயிலிருந்து வாடை வருகிறது என்றார். வேதம் ஓதிவிட்டு மரணச் செய்தி வாசிக்கிற வாய் அது. ஊருக்குத் தெரிந்தால் நிலையத்தையே மூட வேண்டியதுதான்.

அரமத்தா யோசித்துப் பார்த்தாள். குடி என்றால் அவமானம்தான். ஆனால் குடித்தவன் விட்டுவிடலாம், இமாமிடம் போய் அழலாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பிவந்து அதே நாற்காலியில் உட்காரலாம். ஊர் மன்னித்துவிடும். ஈரல் என்று சொன்னால் திரும்பி வர வழியே இல்லை. அவள் திறந்திருந்த கதவு வழியாகக் கணவனைப் பார்த்தாள். வாழ்நாளில் கள்ளின் பக்கம் போகாத மனிதர்.

"குடிக்கல," என்றாள். "ஈரல் போயிடுச்சு. பிழைக்க மாட்டார்."

பிழைக்க மாட்டார் என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தர்போ சுவரோரம் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஊருக்கு உடனே மறுப்புச் சொல்லியாக வேண்டும், நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். அவள் உள்ளே போய்க் கணவனுக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் குனிந்தாள்.

"நான் அரமத்தா பாஜி பேசறேன். நான் உயிரோடதான் இருக்கேன். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல. யாரும் கிளம்பி வர வேண்டாம்."

அன்சுமானா அவள் பேசுவதைக் கவனமாகக் கேட்டார். முடிந்ததும், வாசிப்பு நன்றாக இருப்பதாகவும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவரைத் தாங்கிப் படியிறக்கினார்கள். கடைசிப் படியில் தர்போ அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொஸ்ஸே இருந்தார். மழைக்காலத்தில் வயிற்றுத் தண்ணீரை இறக்கியவர். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டியை நிறுத்துவதுபோல் விரல்களை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அன்சுமானா நீட்டினார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து தாழ்ந்தன, எழுந்தன, மறுபடி தாழ்ந்தன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு இறக்கையடிப்பதைப்போல் இருந்தது. அவர் அதைத் தன் கையே அல்லாததுபோல் வேடிக்கை பார்த்தார்.

எத்தனை நாளாக வயிறு போகவில்லை என்று டாக்டர் கேட்டார். தினமும் மருந்து குடிக்கிறாரே என்றாள் அரமத்தா. டாக்டர் அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

அப்போதுதான் மஹாவா வந்தாள். ஏழு மாத வயிற்றோடு வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள். அரமத்தா அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"நான்தான் குடுக்கலக்கா. நாலஞ்சு நாளா."

ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள்.

"பொழுதுக்கும் கக்கூஸுக்கு ஓடறார். அன்னிக்கு வேலைக்குப் போற வழியிலயே ஆயிடுச்சு. துணிய நான் வாங்கினேன், குடுக்க மாட்டேன்னுட்டார். தானே துவைக்கறேன்னு உக்காந்து அழுதார். என் காலைப் புடிச்சார்க்கா. ரெண்டு வாரம் மட்டும் மனுசனா மைக் முன்னால உக்காந்துக்கறேன், அந்த மருந்து வேண்டாம்னார். என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

"காலைப் புடிச்சா, சாக விட்டுடுவியா?"

டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார். இன்றைக்காவது இதை இருவரும் சேர்ந்து புரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

அவர் சொன்னது இதுதான். நாம் சாப்பிடுவதெல்லாம் குடலில் சிதையும்போது அமோனியா என்று ஒரு நஞ்சு உண்டாகிறது. எல்லோருக்கும், ஒவ்வொரு நாளும். நல்ல ஈரல் அதைப் பிடித்து மாற்றி, சிறுநீரோடு வெளியே அனுப்பிவிடுகிறது. இவருடைய ஈரல் கல்லாகிவிட்டது. உள்ளே நுழைய முடியாத ரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு போகிறது. அப்படிச் சுத்தமாகாத ரத்தம்தான் மூளைக்கு ஏறுகிறது. மூளை அந்த நஞ்சை விழுங்கி வீங்குகிறது. முதலில் தூக்கம் தலைகீழாகும். கை நடுங்கும். பிறகு வழி மறக்கும், முகம் மறக்கும். கடைசியில் எழுப்ப முடியாத தூக்கம். மலம் தங்கினால் நஞ்சு கூடும். காய்ச்சல் வந்தாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும், தூக்க மாத்திரை கொடுத்தாலும் இதே கதிதான். அந்தப் பாகு மருந்து குடலைக் கூட்டிப் பெருக்கிவிடும், அவ்வளவுதான். ஈரலை அது தொடாது.

"அப்ப அவர் இன்னிக்குப் பேசினதெல்லாம்..." என்று மஹாவா ஆரம்பித்தாள்.

"பேசினது அவர்தான். ஆனா அவர் பிடியில இல்லாம பேசினது."

ஈரலை மாற்ற முடியுமாமே என்று அரமத்தா கேட்டாள். இத்தாலியில் இருக்கும் மூத்த மகன் எங்கோ படித்துவிட்டுச் சொல்லியிருந்தான். இங்கே இல்லை, கடல் தாண்ட வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்காது என்றார் டாக்டர். இதமாகச் சொல்ல அவர் முயலவில்லை.

"இப்போ குடலைக் கழுவி விடறேன். சாயங்காலத்துக்குள்ள கொஞ்சம் தெளிவார். மறுபடியும் இது வரும். திரும்பி வர்றப்ப எல்லாம் முன்னைவிடக் குறைச்சலாத்தான் வருவார். ஒரு தடவை வரவே மாட்டார்."

அதன்பிறகு டாக்டரின் பார்வை மஹாவாவின் வயிற்றில் நின்றது. உனக்கு ரத்தப் பரிசோதனை எப்போது செய்தது என்று கேட்டார்.

"எதுக்கு?"

டாக்டர் அரமத்தாவைப் பார்த்தார். அரமத்தா தரையைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியதை டாக்டரே சொன்னார். அந்தக் கிருமி ரத்தத்தால் பரவும், தாம்பத்யத்தால் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று மழைக்காலத்திலேயே சொல்லியிருந்தார். அரமத்தா வந்து ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு இல்லை. இளையவளையும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் அனுப்பவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"மழைக்காலத்துல இருந்தா?"

"சொன்னா நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு பயந்தார். சத்தியம் வாங்கினார்."

மஹாவாவின் வாயிலிருந்து வந்தது கோபம்கூட இல்லை.

"உங்க காலையும் புடிச்சாரா?"

மஹாவா சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு டாக்டரின் எதிரே கையை நீட்டினாள். சாயங்காலம் சொல்வதாக டாக்டர் சொன்னார்.

மஹாவா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அரமத்தா வீட்டுக்குப் போனாள். போக வேண்டியிருந்தது. மறுப்பைக் கேட்டவர்களைவிடக் கேட்காமல் கிளம்பியவர்கள் அதிகம்.

வளவுக்குள் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் கொடுக்கும் கோலாக் கொட்டையும் அரிசியும் கொண்டுவந்திருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த சிகா வாசலிலேயே நின்று, ஜோலாக்காரி சாகவில்லை, என் கடனைத் தீர்க்காமல் அவளைச் சாக விடுவேனா என்று வருகிறவர்களையெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தாள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் அரமத்தாவைக் கண்ணால் பார்த்தபிறகும் எழுந்திருக்கவில்லை. அன்சுமானா வாயால் சொல்லிவிட்டாரே என்ற கலக்கம் அவர்கள் முகத்தில் இருந்தது. தொலைபேசியில் மூத்த மகன் இத்தாலியிலிருந்து அழுதான். அம்மா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மாமரத்தடியில் அவளுடைய அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டதும் போனியிலிருந்து மூன்று வண்டி மாறி வந்தவர். மடியில் ஒரு பொட்டலம். அரமத்தா அருகில் போனதும் அவள் தலையில் கைவைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

கிளம்பும்போது பொட்டலத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு நாலடி நடந்தார். திரும்பி வந்தார். உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை. வெள்ளைத் துணியின் ஓரம் வெளியே தெரிந்தது.

"இதைத் திருப்பி எடுத்துட்டுப் போறது நல்லால்லம்மா," என்றார். "வீட்டுலயே இருக்கட்டும்."

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அரமத்தா வாங்கிக்கொண்டுபோய்த் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அன்சுமானா கண் திறந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. ஆனால் கண்ணில் ஆள் இருந்தது.

"அரமத்தா," என்றார்.

அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்துவிடும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் என்ன வாசிச்சேன்?"

"மாடு காணோம்னு வாசிச்சீங்க. கடலை விலை வாசிச்சீங்க."

"சாவு?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு யாரும் சாகல."

"நல்ல நாள்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, காலையில் நேரத்தோடு எழுப்பிவிடு, வண்டி வந்துவிடும் என்றார். சரி என்றாள்.

நடைவழி பெஞ்சில் மஹாவா இருந்தாள். அரமத்தா அவளுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். மஹாவா அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை.

"ஒரு புருசன், மூணு பிள்ளைங்கன்னு வாசிச்சார்க்கா. நான் வீட்டுல அடுப்புகிட்ட நின்னு கேட்டேன். என் பேரும் வரல, இது பேரும் வரல."

கை வயிற்றின்மேல் இருந்தது.

"அது நோய் பேசினதுடி. டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"உங்களைப் பத்திச் சொன்னதும் நோய்தானா?"

இல்லை என்றுதான் அரமத்தாவுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது.

டாக்டர் சொஸ்ஸே தன் அறை வாசலுக்கு வந்து மஹாவாவின் பெயரைச் சொன்னார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இருவரும் எழுந்தார்கள். இரண்டடி போனதும் மஹாவா நின்றாள்.

"நீங்க இங்கயே இருங்க."

"நானும் வரேன். தனியாக் கேட்டு என்ன பண்ணுவே?"

"இத்தனை மாசம் நீங்க தனியாத்தான வெச்சிருந்தீங்க. இது எனக்கு மட்டும் இருக்கட்டும்."

கதவு மூடிக்கொண்டது. அரமத்தா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே டாக்டரின் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. மஹாவாவின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கதவு திறந்தபோது மஹாவா அழுதிருக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அரமத்தா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மஹாவா அவளைக் கடந்து போனாள். கணவர் படுத்திருந்த அறையின் வாசலையும் கடந்தாள். உள்ளேயிருந்து அன்சுமானா யார் அது என்று கேட்டார். அதற்கும் நிற்கவில்லை.

சோற்றுப் பாத்திரம் பெஞ்சிலேயே இருந்தது. அரமத்தா வாசல்வரை ஓடினாள். தெருவில் இரண்டு வண்டிகள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. ஒன்று ஊருக்குள் போவது. இன்னொன்று மஹாவாவின் தாய் இருக்கும் ஊர்ப்பக்கம் போவது. புழுதியும் இறங்குகிற இருட்டும் கூட்டமுமாக இருந்ததில் அவள் எதில் ஏறினாள் என்று தெரியவில்லை. இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிட்டன.